நாய்க்கும் நடுகல் உண்டு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, எழுதத்தக்க பொருள்கள் பல என் கண்முன் நின்றன. கங்கை கொண்ட சோழன் வங்கம் வரை படை நடத்திய வரலாற்றை எழுதலாம். அதனை அன்பர்கள் பலர் பலமுறை எழுதிவிட்டனர். தமிழரின் கடல் வாணிகம் பற்றி எழுதலாம். அதற்கு என்னினும் கற்றவர் நம் சங்கத்திலேயே உளர். யானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே எழுத்தனாக நாட்களைக் கழித்து வருபவன். ஆகவே, என் வீட்டில் எழுந்த ஒரு வினாவுக்கு விடை தேடிச் சென்ற வழியில் கண்டவற்றை மட்டும் இங்கு எழுதுகின்றேன். பொருள் சிறிது எனத் தோன்றின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

சாந்த்ராகாச்சி என்றதும் குளிர்காலத்தில் இவ்வூர் ஏரிக்கு வந்திறங்கும் வெளிநாட்டுப் பறவைகளே பலர்க்கும் நினைவு வரும். அவற்றைக் காணக் கொல்கத்தாவிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வருவர். வந்து போகும் பறவைக்குக் கிடைக்கும் அப்புகழ், வந்து தங்கிவிடும் நாய்க்குக் கிடைப்பதில்லை. ஓர் ஆவணித் திங்களின் அடைமழையில், எங்கள் குடியிருப்புக்கு அருகே உள்ள வடிகாலிலிருந்து, பின்னங்கால் ஒடிந்த ஒரு கறுப்புக் குட்டியை என் மகள் தன் பாவாடையில் சுற்றி எடுத்து வந்தாள். அவளுக்கு அப்போது வயது ஏழு. அண்டை வீட்டு வங்காளிக் குழந்தைகள் அதற்குக் 'காலு' என்று பெயரிட்டனர். எம் வீட்டில் அது 'கறுப்பன்' ஆயிற்று. கால் கூடியது, ஆயினும் நடையில் சிறு சாய்வு இறுதிவரை இருந்தது. பதினோர் ஆண்டுகள் எம்மோடு வாழ்ந்து, முன்னைய ஆண்டு ஐப்பசியில் அது இறந்தது.

வீட்டின் பின்புறத்து வேப்பமரத்தடியில் அதனைப் புதைத்தோம். மறுநாள் என் மகள் அவ்விடத்தில் செங்கல் ஒன்றை நிறுத்தி, வெண்சுண்ணத்தால் அதன் பெயரை எழுதியிருந்தாள். அலுவலகம் செல்லும் அவசரத்தில் அதனைக் கண்ட யான், "நாய்க்குக் கல் நடுவது வெள்ளைக்காரர் வழக்கம். நம்மவர் கல் நட்டது வீரர்களுக்கு. யாராவது பார்த்தால் நகைப்பர்" என்று கூறிவிட்டேன். அவள் எதிர்மொழி ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் யான் திரும்பியபோது செங்கல் அங்கில்லை.

யான் கூறியது தவறு என்பதைப் பின்னரே அறிந்தேன். அது எவ்வாறு தவறு என்பதே இக்கட்டுரை.

நடுகல் மரபு

இறந்தாரைக் கல்லில் நிறுத்தி வழிபடும் வழக்கம் தமிழர்க்கு மிகத் தொன்மையானது. ஆநிரை கவர வந்தோரோடு பொருது வீழ்ந்தவன், ஊரைக் காத்து உயிர் துறந்தவன், புலியோடு போராடி மாண்டவன் ஆகியோர்க்குக் கல் எடுத்தனர் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்து காணல், நாட்குறித்தல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல் என அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கல்லில் வீரனின் பெயரும் அவன் செய்த செயலும் பொறிக்கப்பட்டன. மயிற்பீலி சூட்டிக் கள் படைத்து ஊரார் அதனைப் போற்றினர்.

இவ்வாறு கல் பெறுதல் எளிதன்று. செல்வம் உடையவன் என்பதற்காகவோ உயர்குடிப் பிறந்தவன் என்பதற்காகவோ அது கிடைத்ததில்லை. பிறர் பொருட்டுத் தன் உயிரைத் துச்சமாக எண்ணியவனுக்கே அது கிடைத்தது.

நாயைப் பற்றி நம் இலக்கியம் இருவகையாகப் பேசுகின்றது. அடியார்கள் இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது 'நாயேன்' என்றனர். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இச்சொல்லாட்சி மிகுதி. இன்றும் ஒருவரை இகழ வேண்டின் நம் நாவில் முதலில் வருவது நாயின் பெயரே. ஆனால் நாலடியார் வேறு கூறுகின்றது. பன்னாள் பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் தன் உடலில் நிற்கும்போதும் தன்னை வளர்த்தவனைக் கண்டு வாலாட்டும் நாயையும் ஒருங்கே காட்டி, நாய் போன்றவரையே நட்பாகக் கொள்க என அந்நூல் அறிவுறுத்துகின்றது. பெருமையில் யானையும் அன்பில் நாயும் உயர்ந்தவை என்பது சமண முனிவர் கண்ட முடிபு.

இவ்விருவகைப் பேச்சில், கல் வெட்டியவர்கள் எப்பக்கம் நின்றனர் என்பதே நாம் காணவேண்டுவது.

எடுத்தனூர்க் கோவிவன்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் திரட்டிப் படித்து, 1972-ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. இரா. நாகசாமி அவர்கள் அதன் பதிப்பாசிரியர். அக்கற்களுள் ஒன்று எடுத்தனூர் என்னும் சிற்றூரில் உள்ளது.

அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் இன்றிப் பாறையைக் குடைந்து கோயில் கண்ட அம்மன்னனே இவன். வாணகோ அரைசர் என்னும் வாணர் குலத் தலைவரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்பான், தன் எருமைகளைக் காத்து நின்று போரிட்டு மாண்டான். அவனுக்கு எழுந்த கல் அது. எழுத்து வட்டெழுத்து.

இதுகாறும் சொன்னது மற்ற நடுகற்களிலும் காணத்தக்கதே. இக்கல்லின் தனிச்சிறப்பு, வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருத்தல். அது அழகுக்காகச் செதுக்கப்பட்ட உருவம் அன்று. அந்நாய்க்கெனத் தனியே ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய், கள்வர் இருவரைக் கடித்து, காவல் விடாது நின்றது என்பது அதன் கருத்து.

அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், எழுத்தறிந்தோர் சிலரே வாழ்ந்த காலத்தில், உளியால் ஒவ்வோர் எழுத்தும் உழைத்து வெட்டவேண்டிய கல்லில், ஒரு நாயின் பெயரையும் அதன் செயலையும் எழுதவேண்டும் என ஓர் ஊர் கருதியது. 'அவனுடைய நாய்' என்று எழுதியிருந்தால் சொற்கள் குறைந்திருக்கும். ஆயினும் பெயர் சொல்லியே எழுதினர். அக்காலத்துச் செல்வர் எத்தனையோ பேர் பெயர் தெரியாது மறைந்தனர். கோவிவன் பெயர் நின்றது.

தக்கோலமும் காளியும்

தமிழகத்தின் எல்லையைச் சற்றுக் கடந்தால் இதனினும் வியத்தகு கல் ஒன்று உண்டு. கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் பழங்கன்னடக் கல்வெட்டு அது.

தக்கோலப் போரை நம்மவர் அறிவர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழர்க்கும் இடையே கி.பி. 949-ஐ ஒட்டி நிகழ்ந்த பெரும்போர் அது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே அப்போரில் மாண்டான். சோழப் பேரரசின் எழுச்சியைச் சில பத்தாண்டுகள் பின்தள்ளிய தோல்வி அது. அரக்கோணம்–செங்கல்பட்டுப் பாதையில் செல்லும் அன்பர்கள் இன்றும் தக்கோலம் என்னும் நிலையத்தைக் காணலாம்.

இராசாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். பூதுகனின் படைத்தலைவருள் ஒருவன் மணலேரன். போரில் அவன் காட்டிய வீரத்தை மெச்சிய மன்னன், வேண்டியதைக் கேட்குமாறு கூறினான். நாடும் பொன்னும் கேட்கத்தக்க வேளையில், மன்னனிடம் இருந்த காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான் மணலேரன். பின்னர் ஒரு நாள் அந்நாய் பெருங்காட்டுப் பன்றி ஒன்றோடு பொருதது. பன்றியும் மாண்டது, நாயும் மாண்டது. மணலேரன் ஆதகூர்ச் செல்லேசுவரர் கோயில்முன் காளிக்குக் கல் எடுத்து, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் பொரும் காட்சி கல்லின் மேற்புறத்தில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கல்லுக்குப் பூசை செய்யாது கோயில் பூசகர் உணவு கொண்டால், அந்நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்ற காப்புரையும் அதில் உண்டு.

தக்கோலப் போரின் செய்தியை நமக்கு உரைக்கும் சான்றுகளுள் இக்கல் தலையாயது. அதாவது, சோழ இளவரசன் ஒருவன் மறைந்த வரலாறு ஒரு நாயின் நினைவுக்கல்லில் எழுதப்பட்டு நமக்கு வந்து சேர்ந்துள்ளது. நாய்க்குக் கல் நடாதிருந்தால் நம் வரலாற்றின் ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

அண்ணாமலையின் அடியில்

"கோவிவன் கள்வரைக் கடித்தான், காளி பன்றியைக் கொன்றாள், அவை செய்த வேலைக்குக் கிடைத்த கூலியே அக்கற்கள். ஒரு வேலையும் செய்யாது வீட்டுவாயிலில் படுத்திருந்த தெருநாய்க்கு என் செய்வது?" என்று சிலர் வினவலாம். யானும் அவ்வாறே எண்ணினேன். இதற்கு விடை, சென்ற ஆண்டு விடுப்பில் திருவண்ணாமலை சென்றபோது கிடைத்தது.

இரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டில் தம் இளமைப் பருவத்திலேயே அண்ணாமலையை அடைந்து, 1950-இல் மறையும்வரை அம்மலையை விட்டு நீங்காதவர். விரூபாட்ச குகையிலும், பின்னர்க் கந்தாசிரமத்திலும், 1922 முதல் மலையடிவார ஆசிரமத்திலும் அவர் வாழ்ந்தார். அங்கு வந்து சேர்ந்த நாய்கள் வேட்டை நாய்களும் அல்ல, காவல் நாய்களும் அல்ல. எவரும் வேண்டாது விட்டவை, தாமே வந்தவை.

சின்னக் கருப்பன் என்னும் நாய் முதலில் புதர்களுக்கு அப்பால் தலைகாட்டி மறையுமாம். எவரோடும் சேராது. அதன் தனிமையை மதித்து, அது இருக்கும் இடத்துக்கருகே உணவை வைத்துவிட்டு வருவார்கள். ஒரு நாள் மகரிஷி மலைப்பாதையில் நடந்தபோது, அது தானே பாய்ந்து வந்து வாலாட்டி விளையாடியது. அன்றுமுதல் ஆசிரமவாசிகளுள் ஒன்றாயிற்று. பின்னர், ஆசாரம் மிக்க ஒருவர் தம் அருகே வந்ததற்காக அதனைத் தடியால் அடித்தார். அது அழுதுகொண்டே சென்றது, மீண்டும் வரவேயில்லை. மற்றொரு சிறு நாயைத் தொண்டர் ஒருவர் கடுஞ்சொல்லால் வைதார். அது நேரே சங்கு தீர்த்தத்துக்கு ஓடிற்று. பின்னர் அதன் உடலே நீரில் மிதந்தது. விலங்குகளுக்கும் உணர்வுண்டு, அவற்றைக் கடுமையாக நடத்தலாகாது என்று மகரிஷி அறிவுறுத்தியதாக ஆசிரம நூல்கள் கூறுகின்றன.

கமலா என்னும் பெண்நாயைக் குட்டிப் பருவத்திலேயே விரட்ட முயன்றனர். ஆண்டுதோறும் ஈனுமே என்ற அச்சம். அது போகவில்லை. அது முதல்முறை ஈன்ற பத்தாம் நாள், நீராட்டி மஞ்சள் பூசி நெற்றியில் குங்குமம் இட்டு, பாயசத்தோடு விருந்தும் நடந்தது. புதிதாக வந்தவர்க்கு மலையைச் சுற்றிக் காட்டுமாறு மகரிஷி சொன்னால், கமலா முன்னே நடந்து, சுனைகளுக்கும் கோயில்களுக்கும் அவர்களை அழைத்துச் சென்று மீட்டுக்கொண்டு வரும்.

ஜாக்கி என்னும் நாயின் வரலாறே எனக்கு விடை தந்தது. சிறு குட்டியாக வந்த அது, மற்ற நாய்களோடு சேராது மகரிஷியின் முகத்தையே நோக்கி அமர்ந்திருக்கும். உணவை முன்னே வைத்தாலும், அவர் உண்ணத் தொடங்கிய பின்னரே தானும் உண்ணும். அது நோயுற்றபோது அவர் மெத்தென்ற படுக்கை அமைத்துத் தாமே பணிவிடை செய்தார். உடல் நலிந்து நாற்றம் வீசத் தொடங்கிய பின்னரும் அதனைக் கையில் ஏந்தித் தடவிக் கொடுத்தார். அவர் கையிலேயே அதன் உயிர் பிரிந்தது. ஆசிரமத்துள்ளேயே அதனை அடக்கம் செய்து சிறு சமாதியும் எழுப்பினர்.

இன்றும் அங்கு நான்கு சமாதிகள் வரிசையாக உள்ளன. 1948-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் மறைந்த இலட்சுமி என்னும் பசு, ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி. இலட்சுமியின் மறைவுக்கு நாளும் நட்சத்திரமும் குறித்துத் தமிழ்ச் செய்யுள் இயற்றியவர் மகரிஷியே. யான் அவ்வரிசையின்முன் நெடுநேரம் நின்றேன். ஜாக்கி எவரையும் காக்கவில்லை; எதனையும் வெல்லவில்லை; வாழ்ந்தது, நேசித்தது, நேசிக்கப்பட்டது. அதற்கும் கல் உண்டு. வேப்பமரத்தடியில் இல்லாமற்போன செங்கல் அப்போது என் நினைவுக்கு வந்தது. அருகிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கூறியபோதுதான், எடுத்தனூர்க் கல்லைப் பற்றி அவர் எனக்கு உரைத்தார்.

மகரிஷி தம் நாய்களை 'அது' என்று சொல்வதில்லை; 'அவன்', 'அவள்' என்பார். பையன்களுக்குச் சோறிட்டாயிற்றா என்று அவர் வினவினால், அது நாய்களையே குறிக்கும். இலக்கணம் கற்றோர் இதனைப் பிழை என்பரோ? அல்லர். நாய் அஃறிணையே, ஆயினும் உவப்பினாலும் சிறப்பினாலும் அஃறிணையை உயர்திணையாகக் கூறலாம் என இடந்தந்தவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். தன் பசுவைத் தாய் என்று அழைத்து மகிழ்பவனை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். அன்பு வந்தவிடத்துத் திணை மாறலாம் என்பதைத் தமிழிலக்கணமே வழுவமைதியாக ஏற்றுக்கொண்டுள்ளது.

நாம் வாழும் வங்கத்தில்

இனி, நமக்குச் சோறிடும் இவ்வங்க மண்ணுக்கு வருவோம். விலங்குகளை வதையினின்று காக்கும் கழகம் இந்தியாவில் முதன்முதல் தோன்றியது கொல்கத்தாவிலேயே. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஆங்கில ஓவியர் 1861-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் நகரத் தெருக்களில் பாரவண்டி இழுத்து நலிந்த மாடுகளும் குதிரைகளுமே அவர் கண்ணில் பட்டவை. அக்கழகத்தின் முயற்சியை ஒட்டி, 1869-இல் விலங்கு வதையைத் தடுக்கும் சட்டம் வங்கத்தில் இயற்றப்பட்டது. கிராண்ட் 1880-இல் மறைந்தார். ஆட்சியாளர் பலருக்குச் சிலை எழுந்த தல்ஹௌசி சதுக்கத்தில், ரைட்டர்ஸ் பில்டிங்கின் அருகே, வாயற்ற உயிர்களுக்காகப் பேசிய அவருக்கும் ஒரு நினைவுத்தூண் உண்டு. அலுவலாக அவ்வழி செல்லும் அன்பர்கள் ஒருமுறை நின்று காண்பார்களாக.

நம் ஹவுரா மாவட்டத்துக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. வங்கப் பெருநாவலாசிரியர் சரத்சந்திரர் 1916 முதல் பத்தாண்டுகள் ஹவுராவின் சிவபுரத்தில் வாழ்ந்தார். பின்னர் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் சாம்தாபேட் என்னும் ஊரில் வீடு கட்டிக் குடியேறினார். சாந்த்ராகாச்சியிலிருந்து கரக்பூர் நோக்கிச் செல்லும் வண்டியில் தேவுல்டி நிலையத்தில் இறங்கினால் அவ்வீட்டை அடையலாம். சிவபுரத்து வீட்டில் அவர் பேலு என்னும் நாயை வளர்த்தார். உயர்சாதி நாய் அன்று, நாட்டு நாய். எழுதும்போதும் உண்ணும்போதும் உடனிருந்த அந்நாய் 1925-இல் இறந்தபோது, அவர் ஆறாத் துயருற்றார்.

உடல்நலம் தேடித் தேவ்கர் சென்றிருந்தபோது கண்ட தெருநாய் ஒன்றைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அதற்கு அவர் இட்ட பெயர் 'விருந்தாளி'. மாலை உலாவில் உடன் வரும், வாயிலில் காத்திருக்கும். வீட்டில் மிஞ்சிய உணவு தனக்கே உரியது என்று எண்ணிய தோட்டக்காரன் மனைவி அதனை விரட்டுவாள். அவர் ஊருக்குப் புறப்பட்ட நாளில் மூட்டை முடிச்சுகளோடு அதுவும் நிலையத்துக்கு வந்தது. வண்டி நகர்ந்தது, அது நடைமேடையிலேயே நின்றது. மறுநாள் அவ்வீட்டின் வாயிற்கதவு அதற்குத் திறவாது என்பதை எண்ணி வருந்துகிறார் ஆசிரியர். இரயில்வேயில் பணிபுரிவோர் இதனைப் படித்தால், அந்நடைமேடையைத் தாமே கண்டதுபோல் உணர்வர். இறந்த நாய்க்குக் கல் இல்லை. அந்த ஏடே அதன் கல்லாயிற்று.

நிலையத்தில் காத்திருந்த நாய் என்றதும், ஜப்பானியரின் ஹாச்சிகோ நினைவுக்கு வருதல் இயல்பே. தோக்கியோவின் சிபூயா நிலையத்தில் நாள்தோறும் தன் தலைவரை எதிர்கொண்ட அந்நாய், 1925-இல் அவர் இறந்த பின்னும், 1935-இல் தான் இறக்கும்வரை அங்கு வந்து காத்திருந்தது. தொடக்கத்தில் நிலையத்தார் அதனைத் தொல்லையாகக் கருதி விரட்டினர். 1932-இல் நாளிதழ் ஒன்றில் செய்தி வந்த பின்னரே நாடு அதனைப் போற்றியது. அது உயிரோடிருந்தபோதே 1934-இல் வெண்கலச் சிலை எழுந்தது. போர்க்காலத்தில் உருக்கப்பட்ட அச்சிலையை 1948-இல் மீண்டும் நிறுவினர். அழிந்த நகரை எடுத்துக்கட்டிய வறுமைக் காலத்திலும் ஒரு நாயின் சிலையை அவர்கள் மறக்கவில்லை.

நினைவும் கடமையும்

நாயால் வரும் இன்னலை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் உயிர் பிழைத்தல் அரிது. தெருவில் நடக்கும் குழந்தைக்கும் முதியவர்க்கும் அச்சமின்றி நடக்கும் உரிமை உண்டு. அதற்கு மருந்து கொலையா காப்பா என்பதே வினா. நெடுங்காலம் நகராட்சிகள் நாய்களைப் பிடித்துக் கொன்றே வந்தன. ஆயினும் தெருக்களில் நாய்கள் குறையவில்லை.

இதற்கு மாற்று வழி கண்டதில் தமிழகத்துக்குப் பங்குண்டு. 1959-ஆம் ஆண்டு சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை மீட்டு வீட்டுக்குக் கொண்டுசென்றார் விமானி கேப்டன் சுந்தரம். அவரும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் தொடங்கிய பணியே 'புளூ கிராஸ்' என்னும் அமைப்பாக வளர்ந்தது. நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964 முதல் அது வற்புறுத்தி வந்தது. 1996-இல் சென்னை மாநகராட்சி அதனை மேற்கொண்டது. 2001-இல் இந்திய அரசு அதனை நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுக்கப்பட்டன. கலாசேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் இடையறாது வாதாடியதன் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டியத்தால் அவரை அறிந்த நாம், இதனாலும் அவரை அறிதல் வேண்டும்.

கேப்டன் சுந்தரம் மீட்ட அக்குட்டிகளும் என் மகள் பாவாடையில் சுற்றி வந்த குட்டியும் ஒரே மழையின் பிள்ளைகள். வடிகாலில் கிடந்த உயிரை எடுத்தவர்க்கு அது இறந்தபின் அழும் உரிமையும் உண்டு. அதன் பெயரைச் சொல்லும் உரிமையும் உண்டு. "நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்" என்று ஆறுதல் கூறுவோர் நல்லெண்ணத்தாலேயே கூறுகின்றனர். ஆனால் எடுத்தனூரார் அவ்வாறு கூறவில்லை. மணலேரன் அவ்வாறு எண்ணவில்லை. பெயரிட்டு அழைத்த உயிர்க்கு மாற்று உயிர் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஊரை விட்டு வெளியே வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. நம் குழந்தைகள் ஏதேனும் செய்யும்போது, 'இது நம் வழக்கம் அன்று' என்று விரைந்து கூறிவிடுகின்றோம். நம் வழக்கம் இன்னதென்று நாமே முழுதும் அறிந்திருக்கின்றோமா? தமிழகத்துக்கு ஆயிரம் மைல் அப்பால் பிறந்து, தமிழைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற ஒரு சிறுமி, எவரும் சொல்லாமலே ஒரு கல்லை நிறுத்திப் பெயரை எழுதினாள். மகேந்திரவர்மன் காலத்துத் தமிழர் செய்ததையே அவள் செய்தாள். வழக்கத்தை மறந்தவன் யானே.

திருவண்ணாமலையிலிருந்து திரும்பிய மறுநாள், கோவிவன் வரலாற்றை என் மகளுக்குக் கூறினேன். கூறியது தவறு என்பதையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தச் செங்கல் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது அப்பா" என்றாள். ஓராண்டுக் காலம் துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். இருவருமாகச் சென்று அதனை வேப்பமரத்தடியில் மீண்டும் நட்டோம். மழையில் அழியாதிருக்க இம்முறை வண்ணக்குழம்பால் எழுதினோம். ஒருபுறம் தமிழில் 'கறுப்பன்' என்றும், அண்டை வீட்டுக் குழந்தைகள் விரும்பியவாறு மறுபுறம் வங்காளத்தில் 'காலு' என்றும் எழுதப்பட்டுள்ளது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து இதனை முடிக்கின்றேன். நம் குடியிருப்புகளில் திரியும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்க, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும். கோடைக்காலத்தில் வாயில்தோறும் ஒரு சட்டி நீர் வைத்தல் எவர்க்கும் இயலும். இறந்த பின் கல் நடுதல் பெருமையே. இருக்கும்போது காத்தல் அதனினும் பெருமை.

வாழ்க நம் சங்கம்! வளர்க எவ்வுயிர்க்கும் அன்பு!